வழி தெரிந்த பெட்டியும் விமானம் ஓட்டும் பெட்டியும்

விமானத்தில் வழி கண்டுபிடிப்பது ஒரு வேலை. விமானத்தை ஓட்டுவது இன்னொரு வேலை. கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் ராத்திரியில் கிளம்பும் ஒரு லாரியை நினைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் டிரைவர் கையில். வழி தெரிந்தவர் பக்கத்து சீட்டில் இருக்கும் கிளீனர். "அடுத்த ரோட்டுல இடது பக்கம் திரும்புங்கண்ணே" என்று அவர் சொல்வது டிரைவர் காதில் விழ வேண்டும். கிளீனருக்கு வழி அத்துப்படி, டிரைவரும் கெட்டிக்காரர். ஆனாலும் எஞ்சின் இரைச்சலில் அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் போனால் லாரி நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

இன்று நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்களில்கூட கிளீனர் வேலையை ஜி.பி.எஸ். பார்க்கிறது, டிரைவர் வேலையை ஆட்டோபைலட் பார்க்கிறது. நடுவே ஒரு ஒயர். விமானப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு வரும் புகார்களில் ஒன்று வேடிக்கையானது. ஜி.பி.எஸ். நன்றாக இருக்கிறது, ஆட்டோபைலட்டும் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யவில்லை! இந்தப் புகார் ஜி.பி.எஸ்ஸை விட வயதில் மூத்தது. ஒரு முறை இது 269 உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது.

முதலில் டிரைவரின் கதை.

1914-ஆம் ஆண்டு ஜூன் 18. பாரிஸுக்கு அருகே சேன் நதிக்கரையில் பெஸோன் என்ற இடத்தில் விமானப் பாதுகாப்புக்கான ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது இளைஞர், கர்டிஸ் நிறுவனத்தின் படகு விமானத்தில் நதிக்கு மேலே பறந்து வந்தார். நடுவர்கள் முன்னால் வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். விமானம் ஆடாமல் அசையாமல் போனது. அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் கஷான் எழுந்து இறக்கை மேலேயே நடந்து போனார். ஒரு பக்கம் பாரம் கூடினால் விமானம் சாய வேண்டுமல்லவா? சாயவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பேருமே இறக்கைகளுக்குப் போய்விட்டார்கள், விமானி இருக்கை காலி! 50,000 பிராங்க் பரிசு ஸ்பெர்ரிக்குக் கிடைத்தது.

உள்ளே இருந்தது கைரோஸ்கோப். பம்பரம் வேகமாகச் சுற்றும்போது தள்ளிவிட்டாலும் சாயாது என்பது பம்பரம் விட்ட எல்லாருக்கும் தெரியும். அந்தப் பம்பரத்தை வைத்து விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, அதைத் திருத்தும்படி கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைத்தார்கள். லாரன்ஸின் அப்பா எல்மர் ஸ்பெர்ரி கப்பல்களுக்கு கைரோ திசைகாட்டி செய்து பேர் வாங்கியவர். மகன் அதே வித்தையை வானத்துக்குக் கொண்டு போனார். (1923 டிசம்பரில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டும்போது தன்னுடைய சிறு விமானம் விழுந்து லாரன்ஸ் இறந்து போனார். அப்போது அவருக்கு 31 வயதுகூட முழுதாக ஆகவில்லை.)

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கருவிக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. சாயாமல், திரும்பாமல் போவது மட்டுமே அதற்குத் தெரியும். பாரிஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கும்.

19 வருடம் கழித்து வைலி போஸ்ட் உலகத்தைச் சுற்றியபோதும் நிலைமை அதுதான். எண்ணெய்க் கிணறு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர் இவர். 1931-இல் ஹெரால்ட் காட்டி என்ற வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு 8 நாள் 15 மணி 51 நிமிடத்தில் உலகைச் சுற்றினார். பாராட்டில் பாதி காட்டிக்குப் போய்விட்டது. 1933 ஜூலையில் தனியாகவே கிளம்பினார். விமானம் அதே 'வின்னி மே'. காட்டி இருந்த இடத்தில் இப்போது ஸ்பெர்ரியின் ஆட்டோபைலட்டும், வானொலி நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு கருவியும் இருந்தன. இந்த முறை 7 நாள் 18 மணி 49 நிமிடம்! கையில் ஒரு ஸ்பானரை விரலோடு கட்டி வைத்துக்கொண்டு, தூங்கிப்போனால் அது விழுந்து விரலை இழுத்து எழுப்பும்படி செய்திருந்தார் என்பார்கள்.

போஸ்டின் விமானத்தில் வழி சொல்லும் கருவியும் ஓட்டும் கருவியும் ஒன்றோடொன்று பேசவில்லை. ரேடியோ முள்ளைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, ஆட்டோபைலட்டின் திசையை மாற்றி வைத்தது போஸ்டின் கைதான். அந்த ஆட்டோபைலட்டும் சும்மா இருக்கவில்லை. நடுவழியில் பழுதாகி, சோவியத் நாட்டில் இறங்கி இறங்கி அதைச் சரி செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. அவ்வளவு கஷ்டத்திலும் ஒரு நல்லது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்தார். ஒரு பெட்டி பேசாவிட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்த மனிதரை நடுவிலிருந்து எடுத்துவிடும் வேலை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1947 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படையின் ஒரு சி-54 விமானம் நியூபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்து வரை, கிளம்புவது முதல் இறங்குவது வரை தானாகவே பறந்து அட்லாண்டிக்கைத் தாண்டியது. ரேடியோ சைகைகளைப் பெறும் கருவிகளை ஆட்டோபைலட்டோடு நேராகவே இணைத்திருந்தார்கள். பிறகு அறுபதுகளில், எழுபதுகளில் பெரிய ஜெட் விமானங்களுக்கு ஐ.என்.எஸ். என்ற இனர்ஷியல் நேவிகேஷன் கருவி வந்தது. வெளியிலிருந்து எந்த சைகையும் இதற்கு வேண்டாம். கிளம்பும் இடத்தைச் சொல்லிவிட்டால், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகமெடுத்தோம் என்று கணக்குப் போட்டே இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடும். பசிபிக் கடல் நடுவே ரேடியோ கோபுரம் கிடையாது என்பதால் இது பெரிய வரப்பிரசாதம்.

இப்போது அந்த 269 பேரின் கதைக்கு வரலாம்.

1983 ஆகஸ்ட் 31. நியூயார்க்கிலிருந்து கொரியன் ஏர்லைன்ஸின் 007 எண் விமானம், ஒரு போயிங் 747, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு சியோலுக்குக் கிளம்பியது. பயணிகள், ஊழியர்கள் எல்லாம் சேர்த்து 269 பேர். அது போக வேண்டிய பாதை ரோமியோ 20. வட பசிபிக்கில் ஐந்து பாதைகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றில் சோவியத் எல்லைக்கு மிக அருகே போவது இதுதான். விமானத்தில் ஒன்றுக்கு மூன்றாக ஐ.என்.எஸ். கருவிகள். மூன்றிலும் வழி முழுவதும் பதிவு செய்யப்பட்டிருந்தது.

விமானி அறையில் ஆட்டோபைலட் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு குமிழ் இருந்தது. 'ஹெடிங்' என்ற இடத்தில் வைத்தால் விமானி கையால் வைத்த திசையிலேயே நேராகப் போகும். 'ஐ.என்.எஸ்.' என்ற இடத்தில் வைத்தால் ஐ.என்.எஸ். சொல்லும் வழியில் போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குமிழை ஐ.என்.எஸ். பக்கம் திருப்பினால் மட்டும் போதாது. விமானம் பாதையிலிருந்து 7.5 கடல் மைலுக்குள் இருந்தால்தான் ஐ.என்.எஸ். விமானத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடத் தள்ளி இருந்தால் 'பாதை வரட்டும்' என்று அது காத்துக்கொண்டிருக்கும். அதுவரை விமானம் பழைய திசையிலேயே போகும்.

கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் 245 டிகிரி என்ற காந்தத் திசையைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அது அந்தத் திசையை விடவே இல்லை. ஆங்கரேஜில் இருந்த ரேடியோ வழிகாட்டி நிலையம் பராமரிப்புக்காக அன்றைக்கு மூடப்பட்டிருந்ததால் ஆரம்பத்திலேயே சரிபார்க்கவும் வழியில்லை. பெத்தேல் என்ற முதல் இடத்தைத் தாண்டும்போதே விமானம் பாதைக்கு வடக்கே சுமார் 12 கடல் மைல் விலகியிருந்தது. அலாஸ்காவில் ஒரு ராணுவ ரேடார் அதைப் பதிவும் செய்திருந்தது. ஆனால் அந்தப் பதிவை அந்த நேரத்தில் பார்த்து எச்சரிக்க வேண்டியது யாருடைய வேலையும் இல்லை.

நெஞ்சைப் பிசைவது, வழியெல்லாம் அது சின்னச் சின்னதாகத் தன்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே போனதுதான். சிறிது நேரம் கழித்துக் கிளம்பிய அதே நிறுவனத்தின் 015 எண் விமானம் பின்னால் வந்துகொண்டிருந்தது. 007-இன் ரேடியோ கரையை எட்டவில்லை, அதனால் 015 வழியாகச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். பக்கத்தில் இருக்க வேண்டிய விமானத்துக்கு மட்டும் ரேடியோ ஏன் எட்டவில்லை? பிறகு இரண்டு விமானங்களும் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டன. 015-க்குப் பின்னாலிருந்து பலமான காற்று, 007-க்கு எதிர்க்காற்று! ஒரே பாதையில் சில நிமிட இடைவெளியில் போகும் இரண்டு விமானங்களுக்குக் காற்று இப்படி மாறியா அடிக்கும்? ஆச்சரியப்பட்டார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ஏன் சந்தேகம் வரவில்லை? ஐ.என்.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் காரணம். பாதையில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் நேராக வரும்போது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளியிருந்தாலும், 'இந்த இடம் தாண்டியாயிற்று, அடுத்தது இது' என்று அது காட்டிக்கொண்டே வந்தது. விமானிகள் அதைப் பார்த்துத் தரைக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதும் அதே கருவிக்குத் தெரியும். அதன் குமிழை ஒரு இடம் திருப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கிளீனருக்குக் கடைசிவரை வழி தெரிந்திருந்தது. டிரைவர் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

விமானம் கம்சட்கா தீபகற்பத்தின் மேலே போய், ஓகோட்ஸ்க் கடலைத் தாண்டி, சகாலின் தீவின் மேலே போனது. சோவியத் சு-15 போர் விமானத்தின் ஏவுகணை தாக்கியபோது உலக நேரப்படி மாலை 6.26. அங்கே விடிந்தால் செப்டம்பர் 1. மோனரான் தீவருகே கடலில் விழுந்த விமானத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

உளவு பார்க்கப் போனது, எரிபொருள் மிச்சம் பிடிக்கக் குறுக்கே போனது என்று பத்து வருடம் விதவிதமான கதைகள் ஓடின. கறுப்புப் பெட்டிகளை சோவியத் அரசு எடுத்து மறைத்து வைத்திருந்தது அதற்கெல்லாம் உரம் போட்டது. சோவியத் யூனியன் கலைந்த பிறகு ரஷ்ய அதிபர் எல்ட்சின் காலத்தில் அவை வெளியே வந்தன. சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1993-இல் மறுபடி விசாரித்துச் சொன்னது, உளவுக் கதைகளோடு பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆட்டோபைலட் ஹெடிங் நிலையிலேயே விடப்பட்டிருக்க வேண்டும், அல்லது 7.5 மைல் எல்லையைத் தாண்டிய பிறகு ஐ.என்.எஸ். பக்கம் திருப்பப்பட்டிருக்க வேண்டும். விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். இதனால் ஏவுகணை விட்டவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் விமானம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இந்தக் குமிழ்தான்.

1983 செப்டம்பர் 16 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் ஒரு அறிவிப்பு செய்தார். ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். தயாரானதும் உலகத்தின் சிவில் விமானங்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்றார். இந்த விபத்தால்தான் ஜி.பி.எஸ். பிறந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978-லேயே மேலே போய்விட்டது. இங்கே ஒரு முரண்பாடும் இருக்கிறது. 007-க்கு இடம் தெரியாதது பிரச்சினையே இல்லை. மூன்று கருவிகளுக்கும் இடம் தெரியும். உலகத்துக்குக் கிடைத்ததோ இடத்தை இன்னும் துல்லியமாகச் சொல்லும் நான்காவது கருவி! அந்தக் குமிழின் பிரச்சினை அப்படியே இருந்தது.

அதே 1983-இல் யாரும் அதிகம் கவனிக்காத இன்னொன்றும் நடந்தது. படகுகளில் உள்ள மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, அமெரிக்காவின் நேஷனல் மரீன் எலக்ட்ரானிக்ஸ் அசோசியேஷன் ஒரு மொழியை வெளியிட்டது. பெயர் என்.எம்.இ.ஏ. 0183. நொடிக்கு 4800 பிட் வேகத்தில், டாலர் குறியில் ஆரம்பித்து, நடுவே கமா போட்டுப் பிரித்து, வாக்கியம் வாக்கியமாகப் போகும். இடம் என்ன, வேகம் என்ன, அடுத்த இடம் எந்தப் பக்கம், பாதையிலிருந்து எவ்வளவு விலகல், எல்லாம் அதில் வரும். இடம் நம்பத் தகுந்ததா இல்லையா என்று சொல்ல ஒரே ஒரு எழுத்து. 'ஏ' என்றால் சரி, 'வி' என்றால் நம்பாதே. படகுக்காக எழுதிய இந்த மொழிதான் பின்னாளில் கையடக்க ஜி.பி.எஸ்ஸிலிருந்து சின்ன விமானத்தின் ஆட்டோபைலட்டுக்குப் போகும் ஒயரிலும் ஓட ஆரம்பித்தது.

அந்த ஒரு எழுத்தை, அதாவது நம்பு, நம்பாதே என்ற குறியைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானத்தைவிட நல்ல உதாரணம் ஒரு கப்பலில் கிடைத்தது. 1995 ஜூன் 9 பகல் 12 மணிக்கு 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் 1,509 பேரோடு பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆண்டெனாவின் ஒயர் கழன்றுவிட்டது. செயற்கைக்கோள் கிடைக்காத ஜி.பி.எஸ்., கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசக் கணக்குப் போட ஆரம்பித்தது. ஒரே ஒரு நொடி 'கீச்' என்று சத்தம், திரையில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஒயர் வழியாகப் போன செய்தியில் 'இதை நம்பாதே' என்ற குறி போகத்தான் செய்தது. ஆனால் வேறொரு நிறுவனம் செய்த ஆட்டோபைலட் அந்தக் குறியைப் பார்க்கும்படி எழுதப்படவில்லை. ஜி.பி.எஸ். கெட்டால் எண்கள் வராமல் நின்றுவிடும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். எண்களோ வந்துகொண்டே இருந்தன!

காற்றும் நீரோட்டமும் கப்பலை மெல்ல மெல்ல ஒதுக்க, 34 மணி நேரம் கழித்து, ஜூன் 10 ராத்திரி, பாதையிலிருந்து 17 மைல் தள்ளி நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் கப்பல் ஏறி நின்றது. யாருக்கும் காயமில்லை. பக்கத்திலேயே லோரான் என்ற வேறொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆழம் குறைந்தால் கத்த வேண்டிய அலாரத்தைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார்கள் (தரை தட்டிய பிறகு கத்தி என்ன பிரயோஜனம்?).

சின்ன விமானங்களில் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலாக ஓடியது. காரணம், அங்கே டிரைவர் ரொம்பப் பழையவர்.

1965-லேயே மூனி நிறுவனத்தின் சிறு விமானங்களில் சாயாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி கூடவே வந்தது. எஞ்சின் பம்ப் இழுக்கும் காற்றின் உறிஞ்சலிலேயே அது வேலை செய்யும். பிறகு வந்த ஆட்டோபைலட்டுகள் வி.ஓ.ஆர். என்ற தரை ரேடியோ நிலையங்களின் முள்ளைப் பின்பற்றக் கற்றுக்கொண்டன. முள் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் நகர்ந்தால் வலது. அந்த முள்ளை நகர்த்தும் மின்னழுத்தம் அரை வோல்ட்கூடக் கிடையாது, மில்லிவோல்ட் கணக்குதான். ஒரு விமானம் நாற்பது, ஐம்பது வருடம் பறக்கும். அதனால் தொண்ணூறுகளில் ஜி.பி.எஸ். வந்தபோது, எழுபதுகளில் பொருத்திய ஆட்டோபைலட்டோடு குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. புதுக் கருவி வேறு வழியில்லாமல் பழைய வி.ஓ.ஆர். முள்ளைப் போல நடித்தது!

நடிப்பு முழுதாகப் பொருந்தவில்லை. வி.ஓ.ஆர். முள் கோணத்தைக் காட்டும். நிலையத்தை நெருங்க நெருங்க ஒரே விலகலுக்கு முள் அதிகமாக நகரும். ஜி.பி.எஸ். முள் தூரத்தைக் காட்டும். வழக்கமாக நெடுவழியில் முள் முழுதும் ஒதுங்கினால் 5 கடல் மைல், விமான நிலையத்தருகே 1 மைல், இறங்கும்போது 0.3 மைல். கோணத்துக்குப் பழகிய ஆட்டோபைலட் இந்தத் தூரக் கணக்கில் பாதையின் இரு பக்கமும் பாம்பு போல வளைந்து வளைந்து போவதுண்டு. அடுத்து, பாதை ஒரு இடத்தில் திரும்பும்போது ஜி.பி.எஸ்ஸுக்குத் தெரியும், ஆனால் பழைய திசைக் கருவியில் புதுப் பாதையின் கோணத்தை விமானிதான் கையால் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால், முள் ஒன்று சொல்ல கோணம் ஒன்று சொல்ல, ஆட்டோபைலட் குழம்பிப்போகும். பட்டறைக்கு வரும் 'ஆட்டோபைலட் கோளாறு' எல்லாமே ஆட்டோபைலட் கோளாறு அல்ல என்பது இதனால்தான்.

1998-இல் வந்த கார்மின் ஜி.என்.எஸ். 430 இன்னொரு குமிழைக் கொண்டு வந்தது. ரேடியோ, வி.ஓ.ஆர்., ஜி.பி.எஸ். மூன்றும் ஒரே பெட்டியில். முள்ளுக்கு எது பேச வேண்டும் என்று மாற்ற 'சி.டி.ஐ.' என்று ஒரு பொத்தான். திரையில் ஜி.பி.எஸ். பாதை அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும், ஆனால் பொத்தான் வி.ஓ.ஆர். பக்கம் இருந்தால் ஆட்டோபைலட் கேட்பது வேறு எங்கோ உள்ள நிலையத்தை.

முள் நடிப்பே வேண்டாம், 'இத்தனை டிகிரி சாய்' என்று ஜி.பி.எஸ். நேராகச் சொல்லட்டும் என்று வந்தது ஜி.பி.எஸ்.எஸ்., அதாவது ஜி.பி.எஸ். ஸ்டியரிங். பழைய ஆட்டோபைலட்டுக்கு அந்த டிஜிட்டல் மொழி தெரியாது. அதனால் நடுவே ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி வைத்தார்கள். அந்தப் பெட்டி ஆட்டோபைலட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது தெரியுமா? ஹெடிங் வாசல் வழியாக! ஆட்டோபைலட்டில் ஹெடிங் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு, பெட்டியில் உள்ள இன்னொரு பொத்தானை ஜி.பி.எஸ்.எஸ். பக்கம் தள்ள வேண்டும். அந்த இரண்டாவது பொத்தான் மறந்துபோனால், ஆட்டோபைலட்டில் எல்லா விளக்கும் வழக்கம்போலவே எரியும், விமானம் கையால் வைத்த திசையிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஆங்கரேஜில் நடந்ததன் சின்னப் பிரதி.

இந்த வரலாறு தெரிந்தால் இணைப்புக் கோளாறை எங்கே தேட வேண்டும் என்பதும் ஓரளவு பிடிபடும். ஒயரைப் பிரிக்கும் முன் பொத்தான்களைப் பார்ப்பதுதான் அனுபவசாலி மெக்கானிக்குகளின் வழக்கம். ஜி.பி.எஸ்ஸில் போக வேண்டிய பாதை உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறதா? பாதை போடாவிட்டால் இடம் மட்டும் வரும், திரும்பச் சொல்லும் வாக்கியம் வராது. ஆட்டோபைலட்டும் 'ஜி.பி.எஸ். இல்லை' என்று நியாயமாகவே சொல்லும். அதற்கடுத்து மொழி. ஜி.பி.எஸ்ஸில் என்.எம்.இ.ஏ. 4800 வேகத்தில் வைத்திருக்க, ஆட்டோபைலட் கார்மினின் 'ஏவியேஷன்' மொழியை 9600 வேகத்தில் எதிர்பார்த்தால், ஒயர் முழுக்க சைகை ஓடும், ஒரு வார்த்தைகூடப் புரியாது. வோல்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு 'சைகை வருகிறதே' என்று தோன்றும், அதிலேயே ஒரு நாள் போய்விடும். இரண்டும் சரியென்றால்தான் ஒயர். அனுப்பும் முனை கேட்கும் முனைக்குத்தான் போகிறதா, இரண்டு பெட்டிக்கும் பொதுவான கிரவுண்டு ஒயர் இருக்கிறதா, கனெக்டருக்குள் ஏதாவது பின் பின்வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் நன்றாக வேலை செய்து, பறக்கும்போது மட்டும் விட்டுவிட்டு அறுந்தால், முதல் சந்தேகம் எஞ்சின் அதிர்வில் ஆடும் பின் மேல்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் விமானி ரேடியோவில் பேசும்போது மட்டும் ஜி.பி.எஸ். போய்விடும் விமானங்களும் உண்டு. இது பேய் வேலை போலத் தோன்றும், உண்மையில் பெருக்கல் கணக்கு. ஜி.பி.எஸ். வரும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். விமான ரேடியோவின் 131.285-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக அதே எண்! 121.186-ஐ 13-ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அங்கேதான் வரும். ரேடியோ பேசும்போது தன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியவிடும். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் செயற்கைக்கோள் சைகை மகா மெல்லியது, பக்கத்தில் கசியும் சத்தத்தில் அமுங்கிப்போகும். அதனால்தான் ஜி.பி.எஸ். பொருத்தியபின் 121.15, 131.3 போன்ற அலைவரிசைகளில் அரை நிமிடம் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் செயற்கைக்கோள்கள் மறைகின்றனவா என்று பார்க்கும் சோதனை வந்தது.

2004-இல் கார்மின் ஜி-1000 போன்ற முழுத்திரைக் கருவிகள் சின்ன விமானங்களுக்கு வந்தன. சில வருடங்களில் ஆட்டோபைலட்டும் அதே நிறுவனத்தின் பெட்டியாகவே உள்ளே வந்துவிட்டது. மொழிபெயர்ப்புப் பெட்டி போயிற்று, 4800-ஆ 9600-ஆ என்ற சண்டையும் போயிற்று. திரையின் மேல் விளிம்பில் ஆட்டோபைலட் இப்போது யார் பேச்சைக் கேட்கிறது என்பது பச்சை எழுத்தில் தெரியும். கேட்பதற்குக் காத்திருப்பது வெள்ளை எழுத்தில் இருக்கும். கீழே பொத்தான்கள் மட்டும் மாறவில்லை. ஹெடிங்குக்கு ஒன்று, நேவிகேஷனுக்கு ஒன்று. நேவிகேஷன் பொத்தானை அழுத்தும்போது விமானம் பாதைக்கு வெகுதூரம் தள்ளி இருந்தால், ஹெடிங் பச்சையிலேயே இருக்கும், ஜி.பி.எஸ். பக்கத்தில் வெள்ளையில் காத்துக்கொண்டிருக்கும்.